கோயில் வாசலிலிருந்து ஆலை வாசல் வரை

மேசைமேல் விரித்து வைக்கப்பட்ட அந்தக் கடிதத்தை நாம் மும்முறை படித்தோம். ஒரே பக்கம். ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள், கீழே கையொப்பமும் முத்திரையும் இருந்தன. நம் பங்கைச் சேர்ந்த நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு நேர்ந்த விபத்து ‘வேலைக் காயம்’ ஆகாது என்றும், ஆகையால் அவர் கோரிய தற்காலிக ஊனப் பணம் வழங்குவதற்கில்லை என்றும் அதில் கண்டிருந்தது. காரணம் ஒரே வரியில் அடங்கிவிட்டது. விபத்து நேர்ந்த அன்று அவர் வீட்டிலிருந்து நேரே ஆலைக்குச் செல்லவில்லை. கோயிலுக்குப் போய், அங்கிருந்து சென்றார்.

கோயில் என்று குறித்தது நம் பங்குக் கோயிலை. அன்று காலைத் திருப்பலி நிறைவேற்றியவரும் நாமே.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு வார நாள். அந்தச் சகோதரருடைய தந்தையின் நினைவு நாள் அது. ஆறு மணித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுத்திருந்தார். ஏழு மணிக்கு ஆலையில் ஷிப்ட். வீட்டிலிருந்து ஆலைக்கு ஆறு கிலோமீட்டர். வழியில் நெடுஞ்சாலையை விட்டு முந்நூறு மீட்டர் உள்ளே தள்ளி நம் கோயில் இருக்கிறது. திருப்பலி முடிந்து வெளியே வந்தவர் தம் மொபெட்டில் சந்தைக் கடந்து மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்து, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் செல்லும்போது எதிரே வந்த பால் வண்டி மோதிற்று. வலக்கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் முறிந்தது. நேரம் ஆறு ஐம்பது. நூற்று நாற்பத்தெட்டு நாட்கள் அவர் வேலைக்குப் போக இயலவில்லை.

ஈ. எஸ். ஐ. என்று நம் தொழிலாளர் யாவரும் வழங்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை அறியாத ஆலைக் குடும்பம் இராது. 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு அவர்கள் அதைத் தொடங்கி வைத்தார்கள். நம் மாநிலத்தில் 1955-இல் கோயமுத்தூரில்தான் அது முதன்முதலில் கால்கொண்டது. ஆயினும், அட்டை பெட்டிக்குள் கிடக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும் அது வெளியே வரும். நோயாலோ காயத்தாலோ கூலி இழந்து கிடக்கும் நாட்களுக்கு அத்திட்டம் பணமும் தருகிறது என்பதைப் பலர் அறிந்திருந்தும், எந்தப் பணம், எத்தனை நாட்களுக்கு, மறுத்தால் எங்கே போவது என்பவற்றை அறிவார் இலர். நாமும் அறிந்திருக்கவில்லை என்பதை ஒளிப்பதற்கில்லை.

முதலில் நாம் செய்தது என்ன? கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். “சர்க்கார் முடிவு செய்துவிட்டது; ஆண்டவர் வேறு வழி காட்டுவார்” என்றோம். வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லி இரண்டாயிரம் ரூபாய் கொடுக்கச் செய்தோம். நம் கடமை தீர்ந்தது என்றே எண்ணினோம்.

அவருடைய மனைவி பணத்தைப் பெற்றுக்கொண்டார். போகவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுச் சொன்னார்: “சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு அன்னிக்குக் கோயிலுக்கே வரலீன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. சாமி எழுதினா யாரு மறுத்துப் பேசுவாங்க?”

அப்பெண்மணி பொய் சொல்லிப் பழகியவர் அல்லர். தாலிச் சங்கிலி அதற்கு முந்திய வாரமே அடகுக் கடைக்குப் போயிருந்தது. மூத்த மகளுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி. ஒரு வரி எழுதினால் தீருகிற துன்பம் என்று அவருக்குத் தோன்றிற்று. நாம் மறுத்தோம். மறுத்த விதமும் நன்றாக இல்லை. எட்டாம் கட்டளையை எடுத்து ஓதினோம். அவர் ஒன்றும் பேசாமல் போனார். பின்னர் ஐந்து ஞாயிறுகள் அவரைக் கோயிலில் காணோம். பிள்ளைகள் மட்டும் வந்தார்கள்.

இந்த ஐந்து வாரங்களில் நம் உள்ளத்தை உறுத்திய செய்தி வேறொன்று உண்டு. அன்று காலை திருப்பலி முடிந்ததும் அந்தச் சகோதரர் புறப்பட்டுவிட்டார். திருப்பண்ட அறை வாசலில் அவரை நாமே கூப்பிட்டு நிறுத்தினோம். திருவிழா வரியில் அவர் தெருவின் பாக்கியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். அந்த ஐந்து நிமிடம் இல்லாதிருந்தால் பால் வண்டி வந்தபோது அவர் ஆலைக்குள் இருந்திருப்பார்.

ஆறாம் வாரம், ஆலையின் செங்கொடிச் சங்கத்துச் செயலாளர் நம் இல்லத்துக்கு வந்தார். கோயில் வாசலை மிதிக்காதவர் என்று பெயர் பெற்றவர். அவர் கையில் அதே கடிதத்தின் நகல். நாற்காலியில் அமரச் சொல்லும் முன்பே, “நீங்கள் அந்தப் பொய்க் கடிதம் கொடுக்காதது நல்லதாயிற்று” என்றார். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையிலேயே, கோயிலிலிருந்து வரும் வழியில் விபத்து என்று எழுதப்பட்டிருந்ததாம். நாம் அதற்கு மாறாக எழுதியிருந்தால் மனு அன்றே செத்திருக்கும். நம் பெயரும் அதனோடு போயிருக்கும்.

பிறகு அவர் ஒரு தாளை எடுத்து நம் மேசைமேல் படம் போட்டார். வீடு, நெடுஞ்சாலை, சந்து, கோயில், ஆலை. விபத்து நேர்ந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. “சாமி, இந்த இடம் எங்கே இருக்கிறது? சந்திலா, சாலையிலா?” சாலையில். கோயிலுக்குப் போகாத நாட்களிலும் அவர் செல்ல வேண்டிய அதே சாலையில். விலகிப் போன முந்நூறு மீட்டரும் முடிந்து, மீண்டும் தம் வழிக்கு வந்து, ஷிப்ட் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில்.

சட்டம் இவ்விடத்தில் என்ன சொல்லிற்று என்பதை அவரிடமிருந்துதான் கற்றோம். பின்னர் நாமே தேடிப் படித்தோம்.

வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் ஏற்படும் காயமே வேலைக் காயம் என்பது பழைய இலக்கணம். ஆலை வாசலுக்கு வெளியே நேர்வது அதில் அடங்குமா என்பது நீண்ட நாள் வழக்கு. கேரளத்துத் தொழிலாளி ஒருவர் 1971 சூன் 26 அன்று சைக்கிளில் வேலைக்குச் செல்லும்போது லாரி மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தார். அவருடைய ஷிப்ட் மாலை 4.30 மணிக்கு, விபத்து 4.15-க்கு, தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில். காப்பீட்டு நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. 1996-இல் உச்சநீதிமன்றம் அவற்றை மாற்றி, சாலையில் நேர்ந்தது வேலைக் காயம் அன்று என்று முடிவு கூறிற்று. முறிந்தது 1971-இல்; முடிந்தது 1996-இல். நம் சகோதரருக்கும் அதே ஒரு கிலோமீட்டர் என்பதைக் கண்டபோது நாம் திகைத்தோம்.

ஆனால் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிலையை மாற்றியது. 51-ஈ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதோ, வேலை முடித்து வீடு திரும்பும்போதோ நேரும் விபத்தை, அது நேர்ந்த சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்படுமாயின், வேலையின் போக்கில் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். நம்முடைய அதிகாரி ‘வீட்டிலிருந்து’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். ‘சூழ்நிலை, நேரம், இடம்’ என்ற மூன்றையும் விட்டுவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல நமக்கு மனமில்லை. தணிக்கைக்கு அஞ்சி வாழ்கிற உத்தியோகஸ்தர்கள் சந்தேகத்தின் பயனைத் தமக்கே வைத்துக்கொள்வது உலக வழக்கம்.

இதில் பண வேறுபாடு எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண நோய்க்கு நோய்க்காலப் பணம். அது கூலியில் எழுபது விழுக்காடு. ஓராண்டில் 91 நாட்களுக்கு மேல் இல்லை. முதல் இரண்டு நாட்கள் கணக்கில் சேரா. முந்திய சந்தாக் காலமாகிய ஆறு மாதத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தியிருக்க வேண்டும். வேலைக் காயமாயின் தொண்ணூறு விழுக்காடு; வேலை செய்ய இயலாத நாட்கள் முழுமைக்கும்; எத்தனை நாள் சந்தா என்ற கேள்வியே இல்லை, சேர்ந்த மறுநாள் அடிபட்டாலும் உரிமை உண்டு. நம் சகோதரருக்குச் சராசரி நாட்கூலி 400 ரூபாய். நோய்க்காலப் பணமாயின் நாளுக்கு 280 வீதம் 91 நாட்களுக்கு 25,480 ரூபாய். வேலைக் காயமாயின் நாளுக்கு 360 வீதம் 148 நாட்களுக்கு 53,280 ரூபாய். இடையே 27,800. இதை வாசிக்கும் சிலருக்கு இது பெருந்தொகை அன்று. அடகுக் கடையில் கிடந்த சங்கிலியை மீட்க அது போதும்.

செயலாளர் கேட்டறிந்த மற்றொரு செய்தி எமக்கு வியப்பளித்தது. அக்குடும்பம் அந்த 91 நாள் பணத்தையும் வாங்காமல் இருந்தது! அதை வாங்கினால், ‘இது வேலைக் காயம் அன்று’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாரோ அண்டை வீட்டார் சொன்னாராம். அப்படியன்று. வேலைக் காயமா என்ற கேள்வி முடிவாகாத காலத்தில், தகுதி இருந்தால் நோய்க்காலப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்; பின்னர் வழக்கு வென்றால் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்த வாரமே அதற்கு எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. நன்றாக அறிந்தவர் போலப் பேசும் அண்டை வீட்டாரால் ஏழைகள் இழப்பது, அதிகாரிகளால் இழப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது நம் இருபத்தைந்து ஆண்டுப் பங்கு அனுபவம்.

முதலில் மேல் அலுவலகத்துக்கு ஒரு முறையீடு அனுப்பினோம். 2019 பிப்ரவரியில் பதில் வந்தது. பழைய வரியே புதிய தாளில். அதன்பின் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தில் மனு.

இந்த நீதிமன்றத்தைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது நலம். ஈ. எஸ். ஐ. பணம் கிடைக்குமா, எவ்வளவு என்ற வழக்குகளைச் சாதாரண உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது, அவற்றுக்கென்றே இது. நம் மாநிலத்தில் பல இடங்களில் தொழிலாளர் நீதிமன்றமே இப்பணியையும் செய்கிறது. வழக்கறிஞர்தாம் வேண்டும் என்பதில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற பதிவுபெற்ற தொழிற்சங்க நிர்வாகி ஒருவரும், நீதிமன்றத்தின் அனுமதியோடு வேறொருவரும் தொழிலாளிக்காக முன்னிற்க இடமளித்தது. செயலாளர் அவ்வாறே முன்னின்றார். ஒரு காசும் வாங்கவில்லை. மனுச் செய்ய மூன்றாண்டுக் கெடு என்று அச்சட்டத்தின் 77-ஆம் பிரிவு கூறிற்று. ஆயினும், பணம் கோரும் முதல் விண்ணப்பத்தை உரிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும். பலர் இடறி விழும் படி இதுதான். அலுவலகத்தில் வாயால் கேட்டு, வாயால் மறுக்கப்பட்டு, வீடு திரும்பிவிடுகிறார்கள். காரணம் காட்டி எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். எழுத்தில் உள்ள மறுப்புக்குத்தான் எழுத்தில் மறுமொழி கூற முடியும்.

ஆலை நிருவாகமும் விபத்து அறிக்கை அனுப்பக் காலம் தாழ்த்தியிருந்தது. “வாசலுக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் ஏன் எழுத வேண்டும்?” என்பது அவர்கள் எண்ணம். ஆனால் விபத்து நடந்த அன்றே அவர் மைத்துனர் ஆலை அலுவலகத்துக்குச் சென்று தெரிவித்திருந்தார். தொழிலாளி தரும் அறிவிப்பு வாய்மொழியாக இருந்தாலும் செல்லும் என்று விதி இருந்தது. அன்று பணியில் இருந்த காவலாளி அதற்குச் சாட்சியம் அளித்தார். வேலைக்கு ஆபத்து வரும் என்று அறிந்தே வந்தார்.

2020 சனவரியில் நம்மைச் சாட்சியாக அழைத்தார்கள். வெள்ளை அங்கியோடு, கக்கத்தில் பூசைக் கருத்துப் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு போனோம். நீதிமன்றத்தில் பங்குச் சாமியாரைக் கண்டு சிலர் புன்னகைத்தார்கள். செங்கொடிச் செயலாளர் அருகில் அமர்ந்ததைக் கண்டு மேலும் சிலர் புன்னகைத்தார்கள். நம் மக்களிலும் இரண்டொருவர், கோயில் சாமி கோர்ட்டுப் படி ஏறலாமா என்று முன்பே கேட்டிருந்தார்கள். புனித சின்னப்பர் செசாரேயாவில் இரண்டாண்டு சிறையில் கிடந்தபின், பெஸ்துவின் முன் நின்று சீசரிடமே மேல்முறையீடு செய்தாரன்றோ? உரோமைக் குடிமகன் என்ற உரிமையை அவர் வெட்கப்படாமல் எடுத்து வைத்தார். அநீத நடுவனை விடாது நச்சரித்த கைம்பெண்ணின் உவமையை நாம் ஆண்டுதோறும் செபத்துக்கு மட்டுமே பொருத்திப் பிரசங்கித்து வந்தோம். அவள் கேட்டது நியாயத் தீர்ப்பு என்பதை அன்று அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தோம்.

குருமடத்தில் இவற்றைப் படிக்காமலில்லை. நோயுற்ற காலத்திலும் வேலையால் ஊனமுற்ற காலத்திலும் பாதுகாப்புப் பெறுவது மனிதனின் உரிமை என்று திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963-இல் தம் ‘அவனியில் அமைதி’ மடலில் வரிசைப்படுத்தினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலில், வேலை விபத்துக்கான காப்பீட்டைத் தொழிலாளர் உரிமைகளில் ஒன்றாக வைத்தார். இவற்றைத் தேர்வுத் தாளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். அந்தப் பெண் கடிதத்தோடு நம் மேசை முன் நின்றபோது ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாயிரம் ரூபாய் தருமம்தான் நினைவுக்கு வந்தது. அவர் கணவருடைய கூலியிலிருந்து மாதந்தோறும் 210 ரூபாய், அதாவது அன்றிருந்த 1.75 விழுக்காடு, சந்தாவாகப் பிடிக்கப்பட்டு வந்தது. பதினோரு ஆண்டுகளாக அவர் சந்தா கட்டியவர். பிச்சை கேட்டு வந்தவர் போல் அவரை நடத்திய முதல் ஆள் அந்த அதிகாரி அல்லர், நாமே.

எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: “திருப்பலி எத்தனை மணிக்கு முடிந்தது?” ஆறு முப்பத்தைந்துக்கு. “அதன்பின் அவர் உடனே புறப்பட்டாரா?” இல்லை, நாம் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தோம். “எதற்காக?” திருவிழா வரிக்காக. மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் அவருடைய மனைவி அமர்ந்திருந்தார். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி அதுவரை நாம் அவரிடம் சொன்னதில்லை.

பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே அவருடைய தந்தையின் பெயர் நம் கையெழுத்தில் இருந்தது. நீதிபதி அதை வாங்கிப் பார்த்தார். செயலாளர் போட்ட படத்தையும், காவல் நிலைய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச்சு மாதம் பெருந்தொற்று வந்து ஊரடங்கு பிறந்தது. வழக்கு நின்றது. 2021 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. வேலைக்குப் போகும் வழியில் சிறிது நேரம் விலகியவர், மீண்டும் தம் வழக்கமான வழிக்கு வந்தபின், வேலை தொடங்கும் நேரத்தை ஒட்டி நேர்ந்த விபத்து ஆதலால் தொடர்பு அறுபடவில்லை என்று நீதிபதி கண்டார். மீதித் தொகை 27,800 ரூபாயை வழங்கும்படி உத்தரவிட்டார். இத்தகைய உத்தரவை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்ல அறுபது நாள் கெடு உண்டு; சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே செல்லலாம். அலுவலகத்தார் செல்லவில்லை.

விபத்து நேர்ந்தது சந்துக்குள்ளேயே என்றால் என்ன ஆகியிருக்கும்? நாம் செயலாளரிடம் கேட்டோம். “தோற்றிருப்போமோ என்னவோ” என்றார். அப்போதும் நாம் உண்மையைத்தான் சொல்லியிருப்போமா, அந்தக் குடும்பம் அதற்கு விலை கொடுத்திருக்கையில்? சொல்லியிருப்போம் என்றே நம்புகிறோம். ஆனால் உண்மை பேசியதால் வென்றோம் என்று பிரசங்க மேடையில் பெருமை பேச நமக்கு நாவெழவில்லை.

சங்கிலி அதற்குள் ஏலத்தில் போய்விட்டது. கால் சற்றே நொண்டுகிறது. நிலைத்த ஊனத்துக்கு மருத்துவக் குழுவின் முன் செல்லலாம் என்று செயலாளர் அதற்கும் தாள்களைச் சேர்த்தார்.

இதன்பின் சட்டத்திலும் மாறுதல்கள் வந்துள்ளன. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. வேலைக்குப் போகும் வழி விபத்தைப் பற்றிய விதியும், காப்பீட்டு நீதிமன்றமும் அத்தொகுப்பிலும் உள்ளன. பிரிவு எண்கள் மாறியிருப்பதால் பழைய எண்ணைக் காட்டி மனு எழுதுவோர் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு சூலை 29 அன்று உச்சநீதிமன்றம் மகாராட்டிரத்துச் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில் முக்கியமான தீர்ப்பளித்தது. 2003 ஏப்ரல் 22 அன்று பணிக்குச் செல்லும் வழியில், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவில் அவர் இறந்தார். 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்கெனவே இருந்த பொருளைத் தெளிவாக்கியதே ஆகையால், அதற்கு முந்திய விபத்துகளுக்கும் அது பொருந்தும் என்றும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருள் கொள்ள வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினர். அவருடைய கைம்பெண் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

உத்தரவுப் பணம் வங்கிக்கு வந்த வாரத்தின் ஞாயிறன்று, நம் சகோதரரின் மனைவி திருப்பலிக்குப் பின் நம் இல்லத்துக்கு வந்தார். சேலை முந்தானையில் முடிந்திருந்த நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். வின்சென்ட் தே பவுல் சபைக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. பணத்தைப் பெட்டியில் வைத்தோம். அவர் போகாமல் நின்றார்.

“ரசீது குடுங்க சாமி” என்றார்.

எழுதிக் கொடுத்தோம்.